நாற்பத்தேழாம் எண் பேட்ஜ்

டொமாஷ்லிட்ஸெ
3 மார்ச் 1997

மதிப்பிற்குரிய திருமதி கொபெட்ஸ்கா அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் ஓதகார் வோந்த்ரா. எல்லைக்காவல் படையில் இருபத்து மூன்று வருடம் இருந்தேன். கம்யூனிஸ்ட் ஆட்சி போய்ப் படையைக் கலைத்த பிறகு இங்கே மர அறுப்பு ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிறேன். மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பதக்கச் சேகரிப்பாளர் சங்கம் பீர்க் கடையின் பின்னறையில் கூடும். போன வாரம் என்னிடமிருந்த ஒரு பேட்ஜை மேஜையில் வைத்தேன். பச்சை எனாமல், நடுவில் நாய்த்தலை. தலைவர் ஷிண்டெலார் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எந்தப் பட்டியல்லயும் இல்லாத பேட்ஜ். முத்திரையும் இல்ல. எல்லையோரக் கடையில ஜெர்மன்காரன் தலையில கட்டுற சரக்குய்யா இது. ஏமாந்துட்டீங்களா, இல்ல எங்கள ஏமாத்த வந்தீங்களா?" என்றார்.

அந்த பேட்ஜை நான் எங்கும் வாங்கவில்லை. 1974 டிசம்பரில் படைப்பிரிவு முழுக்க அணிவகுத்து நிற்க, என் சட்டையில் குத்தினார்கள். அது எப்படிப் போலியாகும்? இப்படிப்பட்ட வழக்குகளுக்கு யாப்லொனெட்ஸில் உங்கள் சொல்தான் கடைசிச் சொல் என்று இன்னொரு உறுப்பினர் சொன்னார். பதிவுத் தபாலில் பேட்ஜை அனுப்பியிருக்கிறேன். பார்த்து நாலு வரி எழுதினால் போதும்.

மரியாதையுடன்,
ஓதகார் வோந்த்ரா


யாப்லொனெட்ஸ்
11 மார்ச் 1997

மதிப்பிற்குரிய வோந்த்ரா அவர்களுக்கு,

பேட்ஜ் பத்திரமாக வந்து சேர்ந்தது, இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அசல். சந்தேகமே வேண்டாம்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள் என்று உங்கள் ஷிண்டெலார் கேட்பார். சொல்லுங்கள்: அந்த நாயின் காதில் பச்சையை நிரப்பியவளே நான்தான். பேட்ஜ் பட்டறையின் எனாமல் மேஜையில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தேன். 1974 இலையுதிர் காலத்தில், பட்டறையின் ஆண்டுத் திட்டத்தில் இல்லாத அவசர ஆர்டராக இது வந்தது. மொத்தம் நூற்றிருபது. திட்டத்தில் இல்லாததால்தான் முத்திரை அடிக்கவில்லை, அதனால்தான் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. நாற்பது முடிந்ததும் பச்சைத் தூள் தீர்ந்துபோய், கொஞ்சம் கறுத்த வேறொரு பச்சையை எடுத்தோம். உங்களுடையது அந்தக் கறுத்த பச்சை. பின்புறம் திருப்பி எண்ணைப் பாருங்கள், 47. ஏழின் மேல்கோடு பாதியில் நிற்கிறதா? எங்கள் பட்டறையில் ஏழுக்கான அச்சு முனை உடைந்திருந்தது. புது அச்சு கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துபோனதுதான் மிச்சம். போலி செய்கிறவன் ஏழை அழகாகப் போட்டிருப்பான்.

இதைத் தலைவரிடம் வாசித்துக் காட்டுங்கள். என் முகவரியையும் கொடுங்கள். வேண்டுமானால் அவர் எனக்கு எழுதட்டும், பதில் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். என் கைக்கு வரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பேன்: என்ன, எப்போது, யாருக்கு, எதற்காக. உங்கள் அட்டையில் கடைசி வரி காலியாக இருக்கிறது. எதற்காகக் கொடுத்தார்கள்?

அன்புடன்,
விளாஸ்தா கொபெட்ஸ்கா


டொமாஷ்லிட்ஸெ
7 ஏப்ரல் 1997

அன்புள்ள திருமதி கொபெட்ஸ்கா,

உங்கள் கடிதத்தை நேற்று சங்கத்தில் நின்றுகொண்டே வாசித்தேன். உடைந்த ஏழு வரைக்கும் வந்தபோது ஷிண்டெலார் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமாய்யா, ஒடஞ்சிதான் இருக்கு" என்றார். உடனே பக்கத்திலிருந்தவர், "அப்ப இன்னைக்கி பீர் உங்க கணக்கு, தலைவரே" என்றார். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். போலிக்காரன் என்று பெயர் வாங்கிய இடத்திலேயே அதைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எழுதத் தெரியாதவன் தின்னக் கொடுக்க வேண்டும் என்று, எங்கள் ஊர்க் கொலாச் என்ற இனிப்பு ரொட்டி ஒரு பெட்டி அனுப்புகிறேன். கசகசா, தயிர்க்கட்டி, பிளம் ஜாம் மூன்றும் கலந்தது. பக்கத்து வீட்டம்மா சுட்டது. வழியில் நொறுங்கியிருந்தால் தபால்காரரைத் திட்டுங்கள், அந்தம்மாவைத் திட்டாதீர்கள்.

மே மாதம் பதினேழாம் தேதி பில்ஸெனில் பெரிய பதக்கச் சந்தை. நீங்கள் வந்தால் ரயிலடியில் வந்து அழைத்துப் போகிறேன்.

நீங்கள் கேட்ட கடைசி வரி: சேவைக்காக.

நன்றியுடன்,
ஓதகார் வோந்த்ரா


யாப்லொனெட்ஸ்
25 மே 1997

அன்புள்ள ஓதகார்,

பீர்க் கோப்பையை முட்டி 'நீ' போட்டுப் பேசுவதென்று முடிவு செய்தாயிற்று, இனிக் கடிதத்திலும் அப்படித்தான். பழகக் கொஞ்சம் நாளாகும். தவறினால் கண்டுகொள்ளாதே.

சந்தையில் நான் மூன்று மேஜைக்காரர்களோடு சண்டை போட்டது உனக்குச் சங்கடமாக இருந்தது, தெரியும். அந்தத் தொப்பிக்காரன் 'போர்க்காலத் துணிச்சல் பதக்கம், அசல்' என்று வைத்திருந்தானே, அதன் ரிப்பன் பாலியெஸ்டர்! போரின்போது யார் பாலியெஸ்டர் நெய்தார்கள்? "அம்மா, நீங்க வாங்கலேன்னா தள்ளி நில்லுங்க, யாவாரம் கெடுது" என்றான் பார். நீ என் பையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க சொன்னா சொன்னதுதாங்க" என்று சொன்னாய். ரயிலில் வரும் வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

என் மணவாழ்க்கை எப்படி முடிந்ததென்று நீ கேட்கவில்லை. அதற்கும் நன்றி. இப்போது நானும் என் தம்பி லூபோஷும்தான் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே அவனுடைய சைக்கிள் பழுது பார்க்கும் கடை. அதிகம் பேசமாட்டான். நீ கொடுத்துவிட்ட புகைத்த இறைச்சியைச் சாப்பிட்டுவிட்டு, "ஆளு யாரு?" என்று மட்டும் கேட்டான். சேகரிப்பாளர் என்று சொல்லி வைத்தேன். மீதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

'சேவைக்காக' என்று என் அட்டையில் நான் எழுதமாட்டேன். அது எல்லாப் பத்திரத்திலும் இருப்பதுதான். நூற்றிருபது பேரில் உனக்கு ஏன்? ஒளிக்காமல் சொல்.

உன்
விளாஸ்தா


டொமாஷ்லிட்ஸெ
19 ஆகஸ்ட் 1997

அன்புள்ள விளாஸ்தா,

நீ வந்துபோன பத்து நாளும் வீடு வீடாக இருந்தது. என் சமையலறையை மாற்றி அடுக்கிவிட்டுப் போயிருக்கிறாய், உப்பு எங்கே என்று இன்னும் தேடுகிறேன். சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகவே கேட்கிறேன். குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடு. பிறகு வசந்தத்துக்கும் இரு. திருமணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். உன் அட்டைப் பெட்டிகளுக்கு முன்னறையை ஒழித்துத் தருகிறேன்.

பத்து நாளும் நீ கேட்டுக்கொண்டே இருந்ததை இனி மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. எழுதிக்கொள்.

1974 அக்டோபர், விடியற்காலை, மூடுபனி. நான் அப்போது சார்ஜென்ட். காட்டுப்பாதையில் என் நாய் மோப்பம் பிடித்து ஓடியது. கம்பிவேலிக்கு இருநூறு அடி இருக்கும்போது, ஜெர்மனிப் பக்கம் தப்பப் பார்த்த ஓர் ஆளைப் பிடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நாய் அவனுடைய வலது முன்கையைக் கவ்வித் தரையில் கிடத்தியிருந்தது. எவ்ஷென் திஹீ, இருபத்து நாலு வயது, க்ளாட்டொவிக்காரன். நான் சுடவில்லை. மற்றவர்கள் சுட்டிருப்பார்கள். நான் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அதையும் எழுதிக்கொள்.

அவன் வலது கையால் கத்தியை ஓங்கினான். நான் மடக்கிக் கட்டினேன். ஆயுதத்தோடு தாக்கிய எல்லை மீறியவனைப் பிடித்ததற்காக பேட்ஜும் ஐந்து நாள் விடுப்பும் கொடுத்தார்கள். அன்றைய சட்டம் அது, நான் என் வேலையைச் செய்தேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஓதகார்


யாப்லொனெட்ஸ்
2 செப்டம்பர் 1997

திரு வோந்த்ரா அவர்களுக்கு,

என் தம்பியைப் பற்றி உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். 1973 மே மாதம் மிக்குலோவ் பக்கத்தில் லூபோஷ் எல்லை தாண்டப் பார்த்துப் பிடிபட்டான். வயது இருபத்தொன்று. இருபத்தாறு மாதம் சிறை. வெளியே வந்த பிறகு பொறியியல் படிப்பைத் தொடர விடவில்லை. பிடித்தவர் நீங்கள் இல்லை. ஊரும் தேதியும் வேறு, தீர்ப்பில் இருக்கும் காவலர் பெயரும் வேறு. முதல் நாளே சரிபார்த்துவிட்டுத்தான் உங்களுக்குப் பதில் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நூற்றிருபது பேட்ஜுகள் என் மேஜைக்கு வந்தபோது அவன் சிறையில் இருந்தான். நாய்த்தலையைப் பார்த்ததுமே அது யாருக்குப் போகிறது என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து மேஜைக்காரி, "நீ தொடாதே விளாஸ்தா, நான் செஞ்சுடறேன்" என்றாள். நான் கேட்கவில்லை. பிடிவாதமாக நூற்றிருபதையும் நானே நிரப்பினேன், மற்றவர்களைவிடச் சுத்தமாக. ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதனால் நான் குற்றமில்லாதவள் என்று நினைத்து இதை எழுதவில்லை.

ஆனால் போலியைக் கண்டுபிடிப்பது என் தொழில். முன்பக்கம் எல்லாப் போலியிலும் நன்றாகத்தான் இருக்கும். நான் திருப்பிப் பார்ப்பேன். உங்கள் கதையையும் திருப்பிப் பார்த்தேன். நாய் அவனுடைய வலது முன்கையைக் கவ்விக் கிடத்தியிருந்தது என்கிறீர்கள். அடுத்த பத்தியில் அதே வலது கை கத்தியை ஓங்குகிறது. நாயின் வாயில் இருந்த கையா? உங்கள் மேல் ஒரு கீறல் விழுந்ததாகக்கூட எழுதவில்லை. துப்பாக்கியும் தோளைவிட்டு இறங்கவில்லை.

லூபோஷின் தீர்ப்பில் 'கல்லால் காவலரைத் தாக்கினான்' என்று எழுதியிருக்கிறது. அவன் கல்லை எடுக்கவே இல்லை. சாகக் கிடந்த அம்மாவிடம்கூட அதையேதான் சொன்னான். எல்லை தாண்டிய குற்றத்தை 1990இல் சட்டமே ரத்து செய்துவிட்டது. தாக்கிய குற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது, தானாகப் போகாது. கல்லைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட காவலர் வந்து சொன்னால்தான் போகும். அவர் எங்கிருக்கிறார் என்று தெரியவில்லை. கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன.

நீங்கள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். கத்தி இருந்ததா?

விளாஸ்தா கொபெட்ஸ்கா


டொமாஷ்லிட்ஸெ
23 நவம்பர் 1997

அன்புள்ள விளாஸ்தா,

இரண்டரை மாதம் பதில் எழுதவில்லை. முதல் மாதம் கோபத்தில் எழுதவில்லை. என்னை விசாரிக்க நீ யார் என்று மூன்று கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன். அடுத்த மாதம் வெட்கத்தில் எழுதவில்லை.

கத்தி இருந்தது. அவனுடைய முதுகுப்பையில், ரொட்டிக்கும் சலாமித் துண்டுக்கும் நடுவில், துணியில் சுற்றி இருந்தது. ரொட்டி அறுக்கிற கத்தி. சாவடியில் பையைக் கொட்டியபோது கேப்டன் அதை எடுத்துத் தனியாக வைத்தார். "இது அவன் கையில இருந்துச்சு. என்ன வோந்த்ரா, இருந்துச்சுல்ல?" என்றார். நான் "இருந்துச்சு" என்றேன். அவ்வளவுதான், அரை நிமிஷம். தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள், கையெழுத்துப் போட்டேன். பிறகு இத்தனை வருடமாக அதையே சொல்லிச் சொல்லி, கத்தி பளபளத்ததுகூட எனக்கு ஞாபகத்தில் இருந்தது. நீ கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஞாபகம் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வந்தது.

பதினாறாம் தேதி க்ளாட்டொவி போனேன். திஹீயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, பெயர்ப்பலகையே இருந்தது, டயர் கடை. பருமனான ஆள், மூக்குக்கண்ணாடி. நான் என் பெயரைச் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஆளு? நாயோட வந்தவனா, அப்புறமா வந்து ஒதைச்சவனா?"

"நாயோட வந்தவன்."

"ம். என்ன வேணும்?"

நான் பேட்ஜை எடுத்து நீட்டினேன். இது உங்கள் பெயரில் எனக்குக் கிடைத்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். "எனக்கெதுக்கு? என்னோடது ஏற்கெனவே இங்க இருக்கு" என்றார். விளாஸ்தா, அந்தக் கையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேண்டியது அது இல்ல. கத்தி எங்க இருந்துச்சுன்னு ஜட்ஜ் முன்னாடி சொல்லுவீங்களா? எம் பொண்ணு வக்கீலுக்குப் படிக்கிறா. அப்பன் கத்தி எடுத்தவன்னு பேப்பர்ல இருக்கு. ரெண்டு தடவ மனு போட்டு ரெண்டு தடவயும் தள்ளிட்டாங்க" என்றார்.

சொல்வேன் என்றேன். "சொல்லுங்க, அப்புறம் நம்பறேன்" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

மனுவை மறுபடி போட்டிருக்கிறோம். ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி பில்ஸெனில் விசாரணை. கேப்டன் உயிரோடுதான் இருக்கிறார், நேற்று தொலைபேசியில் கூப்பிட்டார். "எதுக்குப் பழசக் கிளறுற? உம் பேரும்தான கெடும்?" என்றார். கெடட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சங்கத்திலும் சொல்லியாகிவிட்டது. இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. ஷிண்டெலார் பேசுகிறார்.

உன் அட்டையின் கடைசி வரியில் 'பொய் அறிக்கைக்காக' என்று எழுது. பேட்ஜ் அசல்தான். கொடுத்த காரணம்தான் போலி.

நீ வர வேண்டும் என்று இனிக் கேட்கமாட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

ஓதகார்


யாப்லொனெட்ஸ்
4 பிப்ரவரி 1998

அன்புள்ள ஓதகார்,

பில்ஸென் நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. கூப்பிட வேண்டாம் என்று லூபோஷ் சொன்னான், அதனால் முடிந்ததும் நேரே ரயிலடிக்குப் போய்விட்டோம்.

உன் நவம்பர் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். நீ எங்கே வேலை பார்த்தாய் என்பதையும் அன்றுதான் சொன்னேன். என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் கடையைச் சாத்திவிட்டு மேலே வந்து, "இருபத்தொம்பதாம் தேதி நானும் வரேன். அவன் சொல்றானா இல்ல மழுப்புறானான்னு பாக்கணும்" என்றான்.

நீ மழுப்பவில்லை. நீதிபதியம்மா, "அறிக்கையில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே? அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?" என்று கேட்டார். நீ, "அன்னைக்குச் சொன்னது பொய்ங்க. கத்தி பைக்குள்ள ரொட்டியோட இருந்துச்சு. அந்த ஆளு என்னைத் தொடக்கூட இல்ல" என்றாய். திஹீயின் மகள் குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். தீர்ப்பை ரத்து செய்வதாக வாசித்து முடித்ததும் திஹீ உன் பக்கம் திரும்பித் தலையை ஒரு முறை அசைத்தார். கைகொடுக்கவில்லை. அது போதும் என்று நினைக்கிறேன். உனக்குப் போதுமா என்று தெரியாது.

ரயில் ப்ராக்கைத் தாண்டியதும் லூபோஷ் பேசினான். "நல்ல மனுஷன்னு நான் சொல்லமாட்டேன்க்கா. ஆனா வந்து நின்னு சொன்னான். எனக்குக் கையெழுத்துப் போட்டவன் எங்கயோ உக்காந்து சாப்பிட்டுட்டுதான இருப்பான்?"

பிறகு, "அவங்க ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சு வெச்சிருப்பாங்கல்ல? மிக்குலோவ் பக்கம் இருந்தவங்கள இவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். இருபத்தைந்து வருடத்தில் அவன் அந்த ஊரின் பெயரைத் தானாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

உனக்குத் தெரியுமா, விசாரிக்க முடியுமா என்று எனக்கு எழுத வேண்டாம். அவனிடம் நேரில் சொல். பதினான்காம் தேதி சனிக்கிழமை வா. லிபெரெட்ஸில் இறங்கு, அங்கிருந்து டிராம். கடைசி நிறுத்தத்தில் அவனே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். பழுப்புத் தொப்பி, கையில் கிரீஸ் இருக்கும். மதியம் மாட்டிறைச்சியும் மாவுருண்டையும் செய்கிறேன், மூன்று பேருக்கு.

நான் உன் வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். முதலில் நீ இந்த மேஜையில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடு.

அவனைப் பார்த்ததும் நீயாகக் கை நீட்டாதே. பேசாமல் பக்கத்தில் நட. வழி ஏற்றம், இருபது நிமிஷம் ஆகும்.

விளாஸ்தா